பழைய ஆர்எக்ஸ் 100: பெட்ரோலில் என்ன கலந்தால் புல்லிங் திரும்ப வரும்?

சில்வர்பீச் 95

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா கொடுத்த 1995 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் என்னிடம் இருக்கிறது. அவர் வெளிநாடு போன பிறகு வண்டி பல வருடம் தாழ்வாரத்திலேயே நின்றது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததே, அதற்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது சீட் வரைக்கும் முங்கிவிட்டது. போன வருடம்தான் மனசு கேட்காமல் இன்ஜினைப் பிரித்து, போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் எல்லாம் மாற்றினேன்.

வண்டி ஓடுகிறது, ஆனால் அந்தப் பழைய உதை இல்லை. மூன்றாவது கியர் வரைக்கும் சுமார். நான்காவதில் 60க்கு மேல் போனால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கிறது. ஆல்பேட்டை பாலம் தாண்டி பெரியகங்கணாங்குப்பம் நேர்ரோட்டில் முறுக்கிப் பிடித்தாலும் 65தான். சித்தப்பா இதே ரோட்டில் 90 போனதாகச் சொல்கிறார், அதில் பத்தைக் கழித்துக்கொண்டால்கூட எனக்கு 15 குறைகிறது.

இதுவரை செய்தது: இரண்டு டேங்க் பிரீமியம் பெட்ரோல் போட்டுப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஆயிலைத் தனியாக இன்ஜினுக்குக் கொடுக்கிற ஆட்டோலூப் பம்ப் வேலை செய்கிறது, இருந்தாலும் டேங்கிலும் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) ஊற்றினேன். பின்னால் வருகிறவர் திட்டும் அளவுக்குப் புகைதான் வந்தது. இப்போது ஒரு வீடியோ பார்த்து பெயின்ட் கடையில் 5 லிட்டர் டோலுயீன் வாங்கி வைத்திருக்கிறேன். 15 சதவீதம் கலந்தால் ரேஸ் பெட்ரோல் மாதிரி ஆகும் என்கிறார்கள். இன்னொரு நண்பர், இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதுதான் எமன், தண்ணீர் ஊற்றிக் கழுவி எத்தனாலை எடுத்துவிட்டு ஓட்டு என்கிறார். எங்கள் கடலூர்க்காரர் எல்லோரையும் போல விலை குறைவு என்று எல்லை தாண்டி பாண்டி பக்கம்தான் டேங்க் நிரப்புகிறேன், அதனால் ஏதும் வித்தியாசம் வருமா என்றும் தெரியவில்லை.

எதை எவ்வளவு கலக்கலாம்? கை வைப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஃபுல் த்ராட்டில்

ப்ரோ, டோலுயீன் எல்லாம் எதுக்கு, லிட்டருக்கு ரெண்டு ரசகற்பூரம் போடுங்க. காலேஜ் டைமில் நாங்க அப்படித்தான் ஓட்டினோம், பறக்கும். இல்லாட்டி பாண்டியில் சரக்குதான் மலிவாச்சே, ஒரு குவாட்டர் டேங்குக்கு, ஒரு குவாட்டர் நமக்கு 😀

முதுநகர் ஒர்க்‌ஷாப்

தம்பி, முதலில் அந்தக் கேனைத் திறக்காதே, அப்படியே ஓரமாக வை.

ரசகற்பூரம் போட்ட வண்டிகளை இருபது வருடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோலில் கரையும், உண்மைதான். வண்டியை நான்கு நாள் நிறுத்தினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போய், கரைந்தது திரும்ப உப்பு மாதிரி படியும். பெட்ரோலை அளந்து விடுகிற பைலட் ஜெட் ஓட்டை ஊசிமுனை அளவுதான், அதில் ஒரு துணுக்கு உட்கார்ந்தால் போதும், காலையில் உதைத்து உதைத்துக் கால் வீங்கும். பறந்தேன் என்று சொல்பவர்கள் அன்றைக்கு இருபது வயதில் பறந்தார்கள், வண்டி அப்படியேதான் ஓடியது.

நீ சொல்கிற அறிகுறியைப் பார்ப்போம். கீழ் கியரில் சரி, மேலே சுற்று ஏறும்போது மட்டும் அடைக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் இதைக் கேட்டவுடன் நான் கைவைக்கிற முதல் இடம் சைலன்சர். போரிங், பிஸ்டன், ரிங் எல்லாம் சொன்னாய், சைலன்சரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருடக் கரி, அதற்கு மேல் வெள்ளத்துச் சேறு, அதற்கும் மேல் நீ ஊற்றிய கூடுதல் ஆயில். பின்பக்கத்து சின்ன போல்ட்டைக் கழற்றி உள்குழாயை உருவிப் பார், ஓட்டைகள் தெரிகிறதா என்று சொல். தெரியாது. காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தேய், கையுறை கண்ணாடி இல்லாமல் தொடாதே, பாத்திரம் அலுமினியம் வேண்டாம். வெளிக்குழாயின் குரோம் மேல் படாமல் பார்த்துக்கொள்.

இன்னொன்று, டேங்கில் ஆயில் கூட்டினால் இன்ஜினுக்கு நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஜெட் வழியாக ஒரு அளவுதான் போகும், அதில் ஆயில் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது, அதாவது இன்னும் லீனாகிறது (காற்று கூட, பெட்ரோல் குறைவு). ஆட்டோலூப் இருக்கிற வண்டிக்கு அதன் கேபிள் குறியைச் சரிபார்த்து, ஆயில் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் எடுத்துவிட்டால் போதும்.

அரியாங்குப்பம் கெமிஸ்ட்ரி

பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்கும் ஒரு பழைய சேத்தக் ஸ்கூட்டர் இருக்கிறது, அதனால் இந்த எத்தனால் விஷயத்தில் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொண்டவன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டோலுயீன். அதன் ஆக்டேன் 120 பக்கம். ஆனால் ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் ஸ்பார்க் வரும்வரை பொறுத்திருக்கும் குணத்தின் அளவு, அவ்வளவுதான். கம்ப்ரஷன் அதிகமான இன்ஜின், இக்னிஷனை முன்னே நகர்த்திய இன்ஜின், இவற்றில்தான் அந்தப் பொறுமை காசாகும். நீங்கள் ஏற்கெனவே இரண்டு டேங்க் பிரீமியம் ஊற்றிச் சோதித்துவிட்டீர்கள், மாற்றமில்லை என்றீர்கள். அந்த வண்டியைப் பிடித்து இழுப்பது நாக்கிங் (பெட்ரோல் தானாகப் பற்றித் தட்டுவது) இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சோதனை வேண்டாம். இப்போது பங்கில் வரும் சாதாரண இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலே 95 ஆக்டேன் பக்கம், அதில் 15 சதவீதம் டோலுயீன் சேர்த்தால் 98, 99 ஆகும். நூறு ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் வந்தபோது லிட்டர் 160 ரூபாய், அதை ஊற்றினாலும் உங்கள் வண்டி அதே 65தான் போகும். போதாததற்குக் கடையில் டோலுயீன் என்று கேட்டால் பல சமயம் தின்னரைத்தான் தருவார்கள், அதில் அசிட்டோன், மெத்தனால் என்று என்னென்னவோ இருக்கும். பழைய ரப்பர் அதைத் தாங்காது, அதன் ஆவியை மூடிய அறையில் சுவாசிப்பதும் ஆபத்து.

இனி எத்தனால். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும், இ20க்கு இது 13.5 பக்கம் வரும். புது வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, சைலன்சரில் ஆக்சிஜனை முகர்ந்து பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. 1995ல் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வைத்த ஜெட், அதே அளவைத்தான் விடும், ஆக எட்டு சதவீதம் போல லீனாக ஓடுகிறது. மேல் சுற்றில் திணறுவதில் இதற்கும் பங்கு இருக்கும், பிஸ்டன் சூடேறுவதிலும். டூ ஸ்ட்ரோக்கில் இந்தச் சூடுதான் கவலை.

அதற்காகத் தண்ணீரில் கழுவி எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. எத்தனாலின் ஆக்டேன் 108.5, அது சேராத பெட்ரோலுக்கு 84.4 என்று பெட்ரோலியத் துறையே கணக்குச் சொல்லியிருக்கிறது. எத்தனாலைக் கழுவிவிட்டால் கையில் மிஞ்சுவது அந்த மட்டமான பெட்ரோல், கொசுறாகக் கொஞ்சம் தண்ணீர். இல்லாத நாக்கிங்கை நாமே வரவழைத்த மாதிரி ஆகும். தவிர, வீட்டுக்கொல்லையில் பத்து லிட்டர் பெட்ரோலை பிளாஸ்டிக் வாளியில் கலக்குகிறவனை நான் ஒருமுறை பார்த்தேன், பக்கத்திலேயே துணி அவிக்க அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் கழுவுவதைச் சின்ன அளவில் சோதனையாகச் செய்யலாம். 100 மில்லி அளவுக்குடுவை ஒன்று வாங்குங்கள், கண்ணாடியில். 80 கோடு வரை பெட்ரோல், அதற்கு மேல் 100 கோடு வரை தண்ணீர், தண்ணீரில் ஒரு சொட்டு நீல மை. வாயை மூடி மெதுவாக நாலைந்து தடவை கவிழ்த்து நிமிர்த்தி, அவ்வப்போது திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். எத்தனால் இல்லையென்றால் நீலக்கோடு 20லேயே நிற்கும், 20 சதவீதம் இருந்தால் 36 பக்கம் ஏறும். திறந்த வெளியில், சிகரெட் பீடி இல்லாத இடத்தில். பங்கில் பிடித்ததையும் பாருங்கள், டேங்கில் இருப்பதையும் பாருங்கள்.

சரக்கு பற்றிக் கேட்ட தம்பிக்கு: பாட்டிலில் 42.8 சதவீதம்தான் ஆல்கஹால், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இன்ஜினும் குடிக்காது.

பண்ருட்டி பம்புசெட்

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் கலக்கிக் கெட்டவர்கள் வரிசையில் நானும் உண்டு.

எங்களிடம் 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், 1500 சுற்று, அப்பா காலத்தது. டீசல் விலை ஏறினபோது புங்க எண்ணெய் கலந்தேன். 1900ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்று படித்திருந்தேன், அப்போ புங்கம் ஓடாதா என்று ஒரு தைரியம். ஓடியது. பத்துக்கு இரண்டு பங்கு கலந்து ஒரு மாதம் நன்றாகவே ஓடியது, சத்தம்கூட கொஞ்சம் மெத்தென்று இருந்தது. அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம், கரும்புகை. நாசிலைக் கழற்றினால் முனையில் மொட்டு மாதிரி கரி கட்டியிருக்கிறது. எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி, சரியாகத் தூவாது, தூவாதது எரியாது, எரியாதது கரியாகும். மெத்தனாலும் காரமும் சேர்த்து கிளிசரினைப் பிரித்தெடுத்தால்தான் அது பயோடீசல், சும்மா செக்கில் ஆட்டி ஊற்றினால் வெறும் எண்ணெய்தான் என்று பிறகு புரிந்தது. இப்போதும் எப்போதாவது கலப்பேன், ஆனால் தனி டேங்கில். சுத்த டீசலில் ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மாற்றி, நிறுத்துவதற்குக் கால் மணி முன்னால் திரும்ப டீசலுக்கு வந்துவிடுவேன். மெதுவாகச் சுற்றுகிற இன்ஜின் என்பதால் பொறுத்துக்கொள்கிறது.

பக்கத்துக் கொல்லைக்காரர் எனக்கு ஒரு படி மேலே போய் முந்திரிக்கொட்டை எண்ணெயைக் கலந்தார். எங்கள் பக்கம் அது சும்மா கிடைக்கிற மாதிரிதான், படகுக்கும் மரத்துக்கும் பூசுகிற சரக்கு. மரத்தில் காய்ந்து பிசினாகி ஒட்டுவதுதான் அதன் வேலையே, ஃபில்டரிலும் அதே வேலையைச் செய்தது.

காஸ்ட் அயர்ன் 350

முத்தியால்பேட்டையிலிருந்து. 1988 புல்லட், இன்னும் என்னிடமே. 2000 பிப்ரவரியில் காரீயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றபோது எங்களுக்கும் இதே பீதி வந்தது. காரீயம்தான் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை, அது போனால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கிவிடும் என்று. ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். நான் லிட்டருக்கு 5 மில்லி டூ-டி ஆயில் விட்டுக்கொண்டிருந்தேன், சுமார் மூன்று வருடம். அதனால் நன்மை வந்ததா என்றால், ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் அப்பளம் மாதிரி கரி வந்தது, அவ்வளவுதான் கண்ணால் கண்டது. டேப்பட் இடைவெளி தானாகக் குறைகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பேன், நான் ஓட்டுகிற 50, 55 வேகத்துக்குப் பெரிதாகக் குறையவில்லை. ஆயிலை நிறுத்தினேன், அதற்குப் பிறகும் குறையவில்லை.

தம்பியின் டூ ஸ்ட்ரோக் வண்டியில் அந்த மாதிரி வால்வே கிடையாது என்பதால் அந்தக் கவலை வேண்டாம். ரப்பரைப் பாருங்கள். பெட்ரோல் குழாய், டேங்க் டேப் வாஷர், ஃப்ளோட் நீடில் முனை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்குத்தான் இ20 தாங்கும் ரப்பர், நம்முடையது நைட்ரைலோ என்னவோ, ஊறி உப்பும், நிறுத்தி வைத்தால் காய்ந்து வெடிக்கும். விட்டான் ரப்பர் குழாய் கொஞ்சம் விலை, போட்டுவிட்டால் மறந்துவிடலாம்.

கெமிஸ்ட்ரி சாருக்கு ஒரு கேள்வி. மைலேஜ் குறைகிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள், கணக்குப்படி எவ்வளவு குறையணும்?

அரியாங்குப்பம் கெமிஸ்ட்ரி

லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆக இ20ல் ஏழு சதவீதம் போலக் குறைய வேண்டும். 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையில், பழைய எரிபொருளுக்கு வடிவமைத்து இ10க்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், அதே மாதிரி கார்களில் 6 முதல் 7 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். நம் கார்புரேட்டர் வண்டிகள் அந்தப் பட்டியலுக்கும் முந்தையவை. என் சேத்தக் 44 கொடுத்தது, இப்போது 40, 41. ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஜெட்டைப் பெரிதாக்கிய பிறகு வண்டி முன்னைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடுகிறது. எத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சும், அதனால் இருக்கும்.

சில்வர்பீச் 95

பத்து நாள் கழித்து வருகிறேன், நிறைய நடந்துவிட்டது.

முதலில் குடுவை. பங்கில் நேராகப் பிடித்த பெட்ரோலில் நீலக்கோடு 35க்கும் 36க்கும் நடுவில் நின்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் பங்கில் பிடித்ததும் அதேதான், ஆக பாண்டி பெட்ரோல் கடலூர் பெட்ரோல் என்று எதுவும் இல்லை, விலைதான் வேறு. அடுத்து டேங்க். டேப்பைக் கழற்றி அடியில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். சார், தண்ணீர் ஊற்றாமலேயே இரண்டு அடுக்கு! கீழே அரை டம்ளர் அளவுக்குக் கலங்கலாக, கஞ்சித்தண்ணி நிறத்தில், அதில் துருப்பொடி மிதக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு டேங்கைக் கழுவினேன் என்று சத்தியம் பண்ணுவேன், மூடி ரப்பர் வெடித்திருந்ததை யார் பார்த்தது.

அரியாங்குப்பம் கெமிஸ்ட்ரி

அதுதான். எத்தனால் பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், இ10ஆக இருந்தபோது அரை சதவீதம் போல, பத்து லிட்டர் டேங்குக்கு 50 மில்லி. இ20 இன்னும் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அளவு மீறினால் தண்ணீர் தனியாகப் பிரியாது, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக அடியில் இறங்கும். டேங்கில் ஆயில் கலந்து ஓட்டுகிற என் சேத்தக் மாதிரி வண்டிக்கு இதுதான் எமன், ஏனென்றால் ஆயில் மேல் அடுக்கிலேயே தங்கிவிடும், கார்புரேட்டருக்கு முதலில் போவது ஆயிலே இல்லாத கீழ் அடுக்கு. ஆயில் இல்லாமல் பிஸ்டன் இறுகி இன்ஜின் சீஸ் ஆகக் கேட்க வேண்டுமா. உங்களைக் காப்பாற்றியது ஆட்டோலூப். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, நிறுத்தி வைக்கிற வண்டியை ஒன்று முழு டேங்காக வையுங்கள், இல்லை காலி செய்துவிடுங்கள்.

சில்வர்பீச் 95

டேங்கைக் கழற்றிக் காயவைத்து, மூடி ரப்பர், குழாய், டேப் வாஷர் எல்லாம் மாற்றினேன். அப்புறம் சைலன்சர். முதுநகர் அண்ணன் சொன்னது சரி, உள்குழாயில் ஓட்டை என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை, தார் பூசின மாதிரி. ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது உருண்டை உருண்டையாக வந்தது. சைலன்சரை மட்டும் மாட்டி ஓட்டினேன், 65 போய் 76 வந்தது.

ஜெட்டைக் கடைசியாகத்தான் தொட்டேன். உள்ளே இருந்ததில் 95 என்று எழுதியிருந்தது, சித்தப்பா காலத்தில் மாற்றினார்களா என்று தெரியாது. 100 போட்டேன். பெரியகங்கணாங்குப்பம் ரோட்டில் அதிகாலை ஐந்தரைக்கு முழுசாக முறுக்கி ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றினேன். முன்னே லீனுக்கு அடையாளமாகச் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது இப்போது பிஸ்கட் நிறத்துக்கு வந்திருக்கிறது. வேகம் 82. சித்தப்பாவுக்கு போனில் சொன்னேன், "நான் சொன்னது 90" என்கிறார்.

டோலுயீன் கேனைத் திறக்கவே இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார், தெருவில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்.

முதுநகர் ஒர்க்‌ஷாப்

102.5 ஒன்று கிடைத்தால் அதையும் மாட்டிப் பார், பிளக் கறுத்தால் 100க்கே திரும்பிவிடு. அதெல்லாம் இருக்கட்டும், போரிங் போட்டபோது மேக்னெட் பக்கம் கிராங்க் ஆயில் சீல் மாற்றினாயா? ஐடிலில் ஓடவிட்டு மேக்னெட் பக்கம் கொஞ்சம் ஸ்பிரே அடித்துப் பார், சுற்று மாறினால் அங்கே காற்று இழுக்கிறது என்று அர்த்தம். அப்படி இழுத்தால் நீ எந்த ஜெட் போட்டாலும் லீன்தான், மிச்சம் எட்டும் அங்கேதான் போகிறது.

சில்வர்பீச் 95

மாற்றவில்லை அண்ணே. பில்லை எடுத்துப் பார்த்தேன், சீல் என்று ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா?

முதுநகர் ஒர்க்‌ஷாப்

மதியம் வரை இருப்பேன். வரும்போது சீலையும் வாங்கிக்கொண்டு வா, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.